நாலு இன்ஜெக்டரும் ஒரு போட்டோவும்

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை. சாயர்புரம் தாண்டி ஒரு பள்ளிக்கூட வாசலில், பிள்ளைகள் ரோட்டைக் கடப்பதற்காக என் மனைவி செண்பகம் காரை நிறுத்தினாள். டேஷ்போர்டில் எங்களுக்கு ஒரு பிள்ளையார் பொம்மை உண்டு. வண்டி ஓடினால் தலையாட்டுவார். வண்டி நின்றால் அவரும் நிறுத்திக்கொள்வார். அன்றைக்கு வண்டி நின்ற பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தார்... கச்சேரியில் முன்வரிசை ரசிகரைப் போல.

"பிள்ளையார் ஏன் இப்படி ஆடுதாரு?" என்று கேட்டேன்.

"பிள்ளையார் ஆடல. எஞ்சின் ஆடுது," என்றாள்.

செண்பகம் ஏரலில் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியை. தூத்துக்குடியிலிருந்து தினமும் காரில் போய் வருகிறாள். அன்று ஏரலில் ஒரு கல்யாணச் சாப்பாடு இருந்ததால் நானும் தொற்றிக்கொண்டேன். எனக்கும் கார் ஓட்டத் தெரியும். அனுமதிதான் கிடையாது.

வண்டி பத்து வயசு டீசல். மறுநாள் ஊரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். டை கட்டிய ஒருவர் வந்து பார்த்தார். எஞ்சினுக்குள் டீசலைத் துப்பும் நாலு இன்ஜெக்டரில் ஏதோ ஒன்று பழுது, எதற்கு வம்பு, நாலையும் மாற்றிவிடுங்கள் என்றார். அல்லது வண்டியை மாற்றிவிடுங்கள் என்றார். ஒரு பல் வலிக்குப் போனவனிடம் தலையை மாற்றச் சொன்ன மாதிரி இருந்தது.

செண்பகம் வண்டியைத் திருப்பிக்கொண்டு நேரே இன்னாசியிடம் போனாள்.

இன்னாசியை அறிமுகப்படுத்த வேண்டும். நாற்பதைத் தாண்டியவர். பதினாறு வருஷம் கப்பலில், எஞ்சின் ரூமில் வேலை. உலகத்தில் எத்தனை துறைமுகம் உண்டோ அத்தனையிலும் இறங்கியிருக்கிறார், தன் மகளின் புதுநன்மை நடந்த கோயிலைத் தவிர. அதை போனில்தான் பார்த்தார். முதல்முதலாக நற்கருணை அப்பம் வாங்க மகள் வாயைத் திறந்த நேரத்தில் சிக்னல் போய்விட்டது.

போன வருஷம் கரைக்கு வந்தவர், இனிப் போவதில்லை என்று திரேஸ்புரம் போகிற வழியில் ஒரு ஷெட் போட்டார். இன்ஜெக்டரைக் கழுவிச் சோதிக்க ஒரு மேஜை, காரின் கம்ப்யூட்டரோடு பேச ஒரு ஸ்கேனர், ஒரு லேப்டாப். கோயமுத்தூரில் தங்கிப் படித்துவிட்டும் வந்தார். ஆனால் வந்ததெல்லாம் லாரியும் விசைப்படகு எஞ்சினும்தான். அதற்கு ஊரில் ஏற்கெனவே ஆள் அதிகம். கம்ப்யூட்டர் வைத்த கார் ஒன்றுகூட வரவில்லை. கப்பல்காரரிடம் காரைக் கொடுத்தால் திரும்பி வரும்போது நங்கூரம் மாட்டியிருப்பார் என்று எதிர்ப்புற டாக்சி ஸ்டாண்டில் பேச்சு.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அந்த ஸ்டாண்டின் மூத்த டிரைவர் பால்துரை. மீதியையும் அவரே சொன்னார். சென்னையில் ஒரு ஏஜென்சி இன்னாசியை மறுபடி கூப்பிடுகிறது. ஒன்பது மாதம். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இன்னாசிக்கும் அவர் மனைவி ரெஜினாவுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் — அதற்குள் ஒரு கம்ப்யூட்டர் கார் சுத்தமாக முடிந்து வெளியே போனால் இன்னாசி கரையில் இருப்பார். இல்லாவிட்டால் கப்பல்.

"ஒங்க வண்டிதான் மொத வண்டி அண்ணாச்சி. நாங்களும் பாத்துட்டுத்தான் இருக்கோம். சரியா வந்தா ஸ்டாண்டுல ஆறு வண்டி இருக்கு," என்றார் பால்துரை.

ஆக, எங்கள் பிள்ளையார் தலையாட்டுவதை நிறுத்துவாரா என்பதில் ஒரு குடும்பத்தின் ஒன்பது மாதம் அடங்கியிருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் விவரமுள்ளவன் என்ன செய்வான்? வீட்டில் இருப்பான். நான் புதன்கிழமை காலையிலேயே ஷெட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இன்னாசி நாலு இன்ஜெக்டரையும் கழற்றி, கழுவி, மேஜையில் மாட்டிச் சோதித்தார். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம்கூட இருக்காது. மூன்று நலம். ஒன்றுதான் நோயாளி. அதற்குப் பதிலாகப் புதிது ஒன்று வந்து சேர்ந்தது. பெரிய ஒர்க்‌ஷாப் நாலு கேட்ட இடத்தில் ஒன்று. எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

"அப்படியே மாட்டிரலாமா?" என்று கேட்டேன்.

"மாட்டலாம். ஆனா வண்டிக்கு ஆளு யாருன்னு தெரியாதே," என்றவர், ஒரு இன்ஜெக்டரின் தலையைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். எறும்பு எழுதிய மாதிரி ஏழெட்டு எழுத்தும் எண்ணும். "நாலும் ஒரே கம்பெனிதான். ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு கெடையாது அண்ணாச்சி. ஒருத்தன் ஒரு பொட்டு கூடுதலாத் துப்புவான். ஒருத்தன் கஞ்சன். எவன் எப்படின்னு அளந்து அவன் தலையிலயே எழுதிருதாங்க."

"தலையெழுத்து."

"அதேதான். அத கம்ப்யூட்டர்ல ஏத்தணும். ஒண்ணாம் சிலிண்டர்ல இன்னார், ரெண்டுல இன்னார்னு. கூடத் துப்புதவனுக்கு அது கொறச்சு உத்தரவு போடும். கஞ்சனுக்குக் கூட்டிப் போடும். கடைசியில நாலு பேரும் ஒரே அளவு."

கப்பலில் இந்தக் கதையே கிடையாதாம். டீசல் குழாயைக் கையால் பிடித்துப் பார்ப்பார்கள். துடிப்பு குறைவாக இருந்தால் அந்த சிலிண்டருக்கு ஒரு திருகு. நாடி பிடிக்கிற வைத்தியம்தான். இங்கே நாடி பார்ப்பது கம்ப்யூட்டர். ஆனால் ஜாதகத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

நான் கொஞ்ச நேரம் அசந்து உட்கார்ந்திருந்தேன். ஒருத்தரையும் திருத்தப் பார்க்காத கம்ப்யூட்டர். நீ ஏன் அவனை மாதிரி இல்லை என்று கேட்காத கம்ப்யூட்டர். உன் குறை என்ன, சொல், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்... எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி நாலு பேர். எங்கள் அப்பாவிடம் இப்படி ஒன்று இருந்திருந்தால் மூன்று பெல்ட் மிச்சமாகியிருக்கும்.

இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதோடு நிறுத்தியிருக்கலாம். நான் பத்திரிகைக்கு எழுதும் பத்தியோடு ஒரு படமும் இருந்தால் நன்றாக இருக்குமே என்று அதன் ஆசிரியர் போன மாதம் போனில் சொன்னதும் கூடவே ஞாபகம் வந்தது.

இன்னாசி மீன் பெட்டித் தெர்மாகோலில் ஒரு துண்டு வெட்டி, நாலு குழி தோண்டி, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று பேனாவால் எழுதி வைத்திருந்தார். எந்தக் குழியில் இருக்கிறதோ அந்த சிலிண்டரில் போக வேண்டும். நாலு தலையெழுத்தையும் அதே வரிசையில் ஒரு நோட்டில் எழுதியும் முடித்திருந்தார். அந்த நேரம் பார்த்து அவருக்கு போன் வந்தது. சென்னை ஏஜென்சி. பேசிக்கொண்டே ஷெட்டுக்குப் பின்பக்கம் போனார்.

தெர்மாகோலில் இருந்தபடியே முதலில் ஒரு போட்டோ எடுத்தேன். மீன் பெட்டியில் சாளை கிடப்பது போல இருந்தது. நாலையும் வெளியே எடுத்து, வெளிச்சத்தில், ஷெட் வாசல் கட்டைச்சுவர்மேல் வரிசையாக நிறுத்தினேன். பின்னால் கொஞ்சம் கடல். அடடா... நாலு மாலுமிகள் கரையைப் பார்த்து நிற்கிற மாதிரி. ஏழெட்டு போட்டோ எடுத்தேன். அப்புறம் பத்திரமாகக் குழிகளில் திருப்பி வைத்தேன். நிறைவாக ஒரு போட்டோ.

இரண்டாவதையும் மூன்றாவதையும் வைக்கும்போது ஒரு நொடி தயங்கினேன். அந்த நொடியை நான் மதித்திருக்க வேண்டும்.

இன்னாசி முகம் வாடித் திரும்பி வந்தார். குழி வரிசைப்படி நாலையும் எடுத்து மாட்டினார். நோட்டைப் பார்த்து எழுத்துகளை லேப்டாப்பில் ஏற்றினார். ஒரு தடவை சரிபார்த்தார், இன்னொரு தடவை சரிபார்த்தார். சாவியைத் திருப்பினார்.

வண்டி கடகடவென்று உதறியது. பின்னால் புகை. பிள்ளையார் முன்னைவிட உற்சாகமாக ஆடினார்.

"என்னலே, கப்பலு கெளம்பிருச்சா?" என்று ஸ்டாண்டிலிருந்து ஒரு குரல். நாலைந்து பேர் சிரித்தார்கள். பால்துரை சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை முழுக்க இன்னாசி தேடினார். டீசலைச் சந்தேகப்பட்டார், வடிகட்டியை மாற்றினார். ஒயரைச் சந்தேகப்பட்டார். ஸ்கேனரைச் சந்தேகப்பட்டார். கடைசியில் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தார். தெர்மாகோலை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை. அவர் கையால் தோண்டிய குழி, அவர் கையால் எழுதிய நம்பர். நடுவில் ஓர் எழுத்தாளன் கை இருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

எனக்கும் அதுவரை தெரியாது என்று சொன்னால் நம்புவீர்களா? வியாழன் சாயங்காலம்தான், ஆசிரியருக்கு அனுப்ப நல்ல படமாகப் பொறுக்கலாமே என்று போனைத் திறந்தேன். முதல் போட்டோவையும் கடைசிப் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கித் தலையெழுத்துகளைப் படித்தேன். இந்தக் காலத்து போன் கேமரா கொசுவுக்கு மீசை இருந்தால் அதையும் காட்டும். முதல் படத்தில் இரண்டாம் குழியில் இருந்தவர், கடைசிப் படத்தில் மூன்றாம் குழியில் இருந்தார். மூன்றாமவர் இரண்டில்.

கஞ்சனுக்குக் கொடுக்க வேண்டிய உத்தரவு தாராளப் பிரபுவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் உத்தரவு இவருக்கு. எஞ்சின் உதறாமல் என்ன செய்யும்?

உடனே எழுந்து போய் இன்னாசியிடம் சொல்லியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? உங்கள் நல்ல மனசு. நான் சொல்லவில்லை. அவரே எப்படியும் கண்டுபிடித்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவராகக் கண்டுபிடித்தால்தான் அவருக்குப் பெருமை என்றும் சொல்லிக்கொண்டேன். படித்தவனுக்கு ஒரு தப்புக்கு ஒன்பது காரணம் கிடைக்கும். வெள்ளிக்கிழமை முழுவதும் ஷெட் பக்கமே போகவில்லை.

பஸ்ஸில் ஏரல் போய்த் திரும்பிய செண்பகம் காபியை வைத்துவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தாள்.

"நீங்க அங்கன எதையும் தொட்டியளா?"

"நானா?"

தலைமையாசிரியைகளுக்கு இது பழக்கம். கேள்விக்குக் கேள்வி பதிலாக வந்தால், குற்றவாளி பெஞ்சில்தான் இருக்கிறான் என்று தெரிந்துகொள்வார்கள். அவள் மேலே கேட்கப்போன நேரத்தில் வாசலில் மணி அடித்தது.

ரெஜினா. ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து நர்ஸ் உடையோடு நேராக வந்திருந்தார். கையில் ஒரு மக்ரூன் பெட்டி.

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. வண்டி மூணு நாளா கெடக்கு. டீச்சர் வேற பஸ்ஸுல போறாவன்னு கேள்விப்பட்டேன். மனசு கேக்கல," என்று பெட்டியை என் கையில் கொடுத்தார்.

யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வண்டியை நாளைக்கு எப்படியாவது வேறு இடத்துக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போக ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். இன்னாசி ராத்திரி சாப்பிடுவதில்லை என்றார். தனக்குக் கடல்தான் லாயக்கு, கரை வேலை கைக்கு வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். கப்பலுக்குக் கொண்டுபோகும் நீலப் பையைப் பரணிலிருந்து இறக்கி வைத்துவிட்டாராம். மகள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்ப் படித்துக்கொண்டிருந்தாளாம்.

"அழுதிருந்தாக்கூடத் தேவல. பழகிட்டா அண்ணாச்சி, அதான்," என்றார் ரெஜினா.

அவர் போன பிறகு செண்பகம் பெட்டியைத் திறந்து நீட்டினாள். ஒன்றை வாயில் போட்டேன். மக்ரூன் வாயில் வைத்ததும் கரைந்துவிடும் என்பது இந்த ஊருக்கே பெருமை. அன்று எனக்கு அது கரையவில்லை.

"தொட்டேன்," என்றேன்.

செண்பகம் திட்டவில்லை. "என்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றாள். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு இருவரும் ஷெட்டுக்குப் போனோம். பானெட்டை மூடிக்கொண்டிருந்தார் இன்னாசி. ரெஜினா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வண்டியை இழுக்கக் கயிறு கொண்டுவந்திருந்த பால்துரையும் இன்னும் இரண்டு டிரைவர்களும் நின்றார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ள இவ்வளவு பெரிய சபை வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

எப்படி ஆரம்பிக்க என்று வழியெல்லாம் யோசித்து நல்ல வாக்கியமாக இரண்டு வைத்திருந்தேன். இரண்டும் வரவில்லை. போனை நீட்டினேன்.

"இன்னாசி, அன்னைக்கு நீங்க போன் பேசப் போனப்ப நான் இத வெளிய எடுத்துட்டேன். திருப்பி வைக்கும்போது ரெண்டும் மூணும் மாறிட்டு. நேத்தே எனக்குத் தெரியும். நேத்து இல்ல... முந்தாநாளே."

இன்னாசி போனை வாங்கினார். முதல் படத்தைப் பார்த்தார். கடைசிப் படத்தைப் பார்த்தார். நோட்டை எடுத்து ஒத்துப் பார்த்தார். அவர் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்து நான் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தேன். வந்தது கோபமில்லை. மூன்று நாளாக முதுகில் சுமந்த மூட்டையை யாரோ இறக்கிவிட்ட மாதிரி தோள் இரண்டும் இறங்கின.

"அப்ப நான் செஞ்ச வேல சரிதான்," என்றார் ரெஜினாவைப் பார்த்து.

"சரிதான். கையாலாகாதவன் நான்தான்," என்றேன். "மறுபடி எல்லாத்தையும் கழட்டணுமோ?"

"எதுக்கு?"

"இடம் மாறிக் கெடக்கே."

"கெடக்கட்டும். எவனும் எங்கயும் இருந்துக்கிடலாம் அண்ணாச்சி. எங்க இருக்கான்னு கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சாப் போதும்." லேப்டாப்பைத் திறந்தபடியே தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "மாறினது தப்பில்ல. மாறினதச் சொல்லாததுதான் தப்பு."

அதைக் குத்தலாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. தொழில் விவரமாகத்தான் சொன்னார். அதனால்தான் அது சரியாகப் போய்க் குத்தியது.

இரண்டாம் சிலிண்டரின் எழுத்தை மூன்றுக்கும் மூன்றின் எழுத்தை இரண்டுக்கும் மாற்றி அடித்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு திருகைக்கூட அவர் தொடவில்லை. மூன்று நாள், ஒரு வடிகட்டி, அரைக்கிலோ மக்ரூன், ஒரு வீட்டில் ராத்திரிச் சாப்பாடு... எல்லாமே நான் வாயைத் திறக்காததற்கு ஆன செலவு.

செண்பகத்தை ஏறி உட்காரச் சொன்னார். அவள் சாவியைத் திருப்பினாள்.

முதலில் எனக்கு வண்டி ஸ்டார்ட் ஆனதே தெரியவில்லை. இன்னாசி பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் கப்பல்காரருக்கு நாடி பிடித்தால்தான் திருப்தி. பால்துரை பின்னால் போய்க் குழாயைக் குனிந்து பார்த்தார். புகை இல்லை. நான் கண்ணாடி வழியாக டேஷ்போர்டைப் பார்த்தேன். பிள்ளையார் அசையாமல் இருந்தார். இவ்வளவு வருஷத்தில் அவரை நான் இத்தனை பக்தியோடு பார்த்ததில்லை.

"ஏலே இன்னாசி, திங்கக்கெழம என் வண்டிய விடுதேன். அண்ணாச்சிய மட்டும் உள்ள விட்டுராத," என்றார் பால்துரை.

செண்பகம் துறைமுகம் வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வரக் கிளம்பினாள். என்னை ஏற்றிக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சரியாக இன்னாசியின் போன் அடித்தது. அவர் கை முழுக்கக் கரி. போன் மேஜையில் நோட்டுக்குப் பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்தது. யாரிடமிருந்து என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். இன்னாசி ரெஜினாவைப் பார்த்தார். ரெஜினா எழுந்து போய் எடுத்தார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"இல்ல சார், அவிய பேச முடியாது," என்றார் ரெஜினா. "வேலையா இருக்காவ."

கட் பண்ணிவிட்டு நர்ஸ்களுக்கே உரிய வேகத்தில் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டார். ஸ்டூலை ஓரமாக நகர்த்திப் போட்டார். அவருக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டதாம்.

அப்புறம் ஸ்டாண்டிலிருந்து மூன்று வண்டிகள் இன்னாசியிடம் போயிருக்கின்றன. அடுத்த வருஷம் எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் போன வாரம் அந்தப் பக்கம் போனபோது நீலப் பை ஷெட்டில் தொங்குவதைப் பார்த்தேன். அதில் ஸ்பேனர்கள் வைத்திருக்கிறார். பக்கத்தில் பெரிய எழுத்தில் புதிதாக ஒரு அட்டை — போட்டோ எடுக்கக் கூடாது.

ஆசிரியருக்கு நான் படம் எதுவும் அனுப்பவில்லை. கவனித்திருப்பீர்கள்.

வீட்டிலும் ஒரு விளைவு. அன்று சாயங்காலமே செண்பகம் ஒரு கோடு போட்ட நோட்டையும் பேனாவையும் என் முன்னால் வைத்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இந்த வீட்டில் இதுவரை எதையெதையெல்லாம் தொட்டிருக்கிறேன் என்று ஒளிக்காமல் எழுதித் தர வேண்டுமாம். சொல்லிவிட்டால் மீதியை அவள் பார்த்துக்கொள்வாளாம்.

எழுதிக்கொண்டிருக்கிறேன்... பதினோரு பக்கம் ஆகிவிட்டது, இன்னும் சமையலறையைவிட்டே வெளியே வரவில்லை.